பன்னிரண்டில் ஒன்பது

அக்டோபர் இரண்டு, பதினொரு மணி.
நடுநிலைப்பள்ளி வராந்தாவில் ஜமுக்காளம்.
தலைவி ஆவுடையம்மாளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
பக்கத்தில், கைப்பிடி வைத்ததில், அவர் வீட்டுக்காரர் கொம்பையா.
ஆள் சேரவில்லையாம்;
நூறு நாள் வேலைப் பெண்களைக் கூட்டிவர
டிராக்டர் போயிருக்கிறது.

இசக்கிராஜ் பதிவேட்டை நீட்டுகிறார்.
பேர், தகப்பன் பேர், வார்டு, கையெழுத்து.

கையெழுத்து எனக்குப் புதிதில்லை.
மாதம் ஒரு தரம் முகாம் வாசலில் மேசை போடுவார்கள்,
அட்டையும் தலையும் ஒத்துப்போக வேண்டும்.
காய்ச்சலோடு நின்றிருக்கிறேன்.
பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள் நின்றிருக்கிறேன்.
எங்கேயும் போகவில்லை என்று
இத்தனை வருஷம் போட்ட கையெழுத்து.
வந்திருக்கிறேன் என்று போடுவது
இதுதான் முதல்.

மண்டபத்தில் எண்பத்தாறில் பிறந்தேன்.
அப்படியென்றால் நீ அன்றைக்கே இந்த நாட்டுக்காரி என்று
மதுரையில் கோர்ட்டு சொன்னது,
முப்பத்தேழு வருஷம் கழித்து.
தம்பி ஜெயரூபன் எண்பத்தெட்டு.
அதே கூரை, அதே மருத்துவச்சி, தேதிதான் வேறு.
இந்த வராந்தாத் தூணுக்கு மே மாதம் பெயின்ட் அடித்தது அவன்.
இப்போது கேட்டுக்கு வெளியே பைக்கில் இருக்கிறான்,
கைலி ஓரத்தில் இதே நீலம்.

மழைக்கு முந்திக் கதிரடிக்கிற வேகத்தில்
இசக்கிராஜ் வரவு செலவு வாசித்தார்.
பிளீச்சிங் பவுடர். மோட்டார் காயில் கட்டியது.
"தெருவிளக்கு, முகாம் சாலை, பன்னிரண்டு எண்ணம்."

எழுந்துவிட்டேன்.
எழுந்த பிறகுதான் தெரிந்தது, ஒரு கால் மரத்திருந்தது.
"ஒன்பதுதான் இருக்கு."

கொம்பையா சிரித்தார். "யாரும்மா நீ? எந்தத் தெரு?"
பின்னாலிருந்து ஒரு குரல்:
"கேம்ப்காரில்லா. ஊர்க்கூட்டத்துல இவளுக்கு என்ன சோலி?"
இன்னொன்று, பீடிக்கடை வரிசையில்
எனக்கு முன்னால் நிற்கும் சொர்ணத்தாயின் குரல்:
"அவ எண்ணிச் சொல்லுதா. நீ எண்ணிப் பாத்தியால?"

எண்ணிக்கை எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.
எண்ணப்பட்டே வளர்ந்தவள்.
தலையை எண்ணினார்கள், தட்டை எண்ணினார்கள், பாயை எண்ணினார்கள்.
ஆயிரம் பீடியை இருபத்தைந்து இருபத்தைந்தாய்
நாற்பது கட்டு கட்டிக் கொடுத்துவிட்டு
கழிவென்று தள்ளியதையும் எண்ணிக்கொண்டு திரும்பியவள்.
குளத்து மடையிலிருந்து முகாம் வாசல் வரை
கம்பம் பன்னிரண்டு, விளக்கு ஒன்பது.
நாலு, ஏழு, பதினொன்றில்
வெறும் பட்டி மட்டும் காற்றில் தலையாட்டுகிறது.

"மூணாவது வார்டு," என்றேன்,
"வரிசை எண் அறுநூத்திப் பதினாலு."

அம்மாவோடு கதைப்பேன், ஊரோடு பேசுவேன்.
பயத்தில் இரண்டும் குழம்பி
"நான் கதைச்சத எழுதுங்க அண்ணாச்சி" என்று வந்துவிட்டது.
கொல்லென்று சிரித்தார்கள்.
எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.

"அடுத்த கூட்டத்துல பாப்போம்," என்று
கொம்பையா முடிக்குமுன்,
அதுவரை சேலையில் குத்திய கொடியின் குண்டூசியைத்
திருகிக்கொண்டிருந்த ஆவுடையம்மாள்
"எழுதுப்பா" என்றார், இசக்கிராஜிடம்.
புருஷனைப் பார்க்கவில்லை.
என்னையும் பார்க்கவில்லை.

தீர்மானம் பதினேழு.
டீ வந்தது, காரச்சேவு வந்தது.
ஒரு டம்ளரைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.
"என்னவாம்?"
"எழுதியிருக்கு."
"எழுதத்தானே செய்வாங்க," என்று தம்பி டீயை ஊதினான்.

போன செவ்வாய் லைன்மேன் வந்தார்.
நாலாவது கம்பம் எரிகிறது.
ஏழும் பதினொன்றும் இருட்டு.
அம்மா வாசலில் நின்று
அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
அவள் பேர் இன்னும் பழைய பதிவேட்டில்தான்,
வெள்ளிக்கிழமை மேசை வரும்.

அடுத்த சபை நவம்பர் ஒன்று.
பதிமூன்று நாள் கிடக்கிறது.
அதற்குள்
தெருக்குழாய்களை எண்ணி முடித்துவிடலாம்.